மாத்திரைப் பழம்

தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பேச்சிராஜா, ரப்பருக்கு எதிராக இரண்டு ஆண்டு தனியாளாகப் போர் நடத்தியவர். காரணம் மகள் வந்தனா. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள்; ஏழு வயதுக்குள் ஐந்து அறுவைச் சிகிச்சை. தினம் நான்கு முறை குழாய் வைத்துத்தான் சிறுநீர் எடுக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து ரப்பர் கையுறையும் ரப்பர் குழாயுமாகப் பழகிய உடம்பு, ஒரு நாள் ரப்பரைப் பகையாளி என்று முடிவு கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் பலூன் ஊதப் போனவள் உதடு பணியாரம்போல வீங்கித் திரும்பினாள்.

ஆஸ்பத்திரியில் கையுறையை மாற்றினார்கள், குழாயைச் சிலிக்கோனாக்கினார்கள். மீதியைப் பேச்சிராஜா பார்த்துக்கொண்டார். பலூன், ரப்பர் பேண்ட், அழிரப்பர், வெந்நீர்ப் பை, மனைவி மாரீஸ்வரியின் புதுச் செருப்பு எல்லாம் நாடு கடத்தப்பட்டன. செருப்புக்காக மாரீஸ்வரி இரண்டு நாள் பேசவில்லை. போர் என்றால் சேதம் இருக்கத்தான் செய்யும் என்று அவர் தேற்றிக்கொண்டார்.

ஆனாலும் சாயங்கால மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வந்தனாவுக்கு வாய் அரிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். அரிப்புக்கும் ஒரு மாத்திரை இருந்தது. அதைக் கொடுத்தால் தடிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியது.

ஆறாவது அறுவைச் சிகிச்சை சிறுநீர்ப்பைக்கு. தள்ளிப்போனால் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஆனால் தடிப்பு எதனால் என்று தெரியாமல் மேஜையில் ஏற்ற மாட்டேன் என்று டாக்டர் விஜயலட்சுமி இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தார். பிள்ளை சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

பேச்சிராஜா எழுதினார். இட்லி எத்தனை, வடாபாவ் எவ்வளவு, எதிர்வீட்டு சஃப்ரீன் கொடுத்த சேமியா மூன்று கரண்டி என்பது வரை. டாக்டர் பக்கம் பக்கமாகப் படித்தார், எதுவும் சிக்கவில்லை. கடைசியில் நோட்டை மூடிவிட்டு வந்தனாவையே கேட்டார், மாத்திரையை எப்படி முழுங்குகிறாய் என்று.

"கேலே மே," என்றாள் வந்தனா. வாழைப்பழத்துக்குள் வைத்து.

டாக்டர் அப்பனைப் பார்த்தார். "தினமும் வாழைப்பழம் சாப்பிடறாளா? நோட்டுல இல்லையே?"

"அது சாப்பிடுததுக்கு இல்ல மேடம். மாத்திரைக்கு."

டாக்டர் விளக்கினார். ரப்பர் மரத்துப் பாலில் இருப்பதைப் போன்ற சங்கதி வாழைப்பழத்திலும் உண்டு. ரப்பரோடு பகைத்த உடம்பு சிலருக்கு அதையும் ஆள் மாறிப் பிடித்துக்கொள்ளும். பப்பாளி, கிவி, அவகாடோவும் அந்த வகையறாதான். எல்லாருக்கும் எல்லாம் ஆகாது என்றில்லை, சோதித்துத்தான் சொல்ல முடியும். மூச்சு முட்டினால் மட்டும் மாத்திரையோடு நிற்காமல் ஓடிவந்துவிட வேண்டும். அவகாடோ தங்கள் சந்துவரை இன்னும் வரவில்லை என்று பேச்சிராஜா உறுதியளித்தார். அரிப்புக்கான மருந்தை அரிப்புக்குள்ளேயே பொதிந்து இரண்டு வருஷம் ஊட்டியவர் அவரேதான்.

சோதனையில் வாழைப்பழம் மாட்டிக்கொண்டது. நிறுத்தி ஒரு மாதம் தடிப்பு தலைகாட்டவில்லை, தேதி கிடைத்தது. முந்தின நாள் சாயங்காலம் அவருடைய அக்கா கோமதியம்மாள் சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வார்டுக்கு வந்தாள். பையில் அரை டஜன் வாழைப்பழம். போனிலேயே சொன்னேனே என்றார் பேச்சிராஜா.

"தெரியும்ல. நான் என்ன திங்கவா குடுக்கேன்? மாத்திரைக்குத்தாம்ல கொண்டாந்தேன்."

இதற்கு எதிர்வாதம் செய்யும் தகுதி தமக்கில்லை என்பது பேச்சிராஜாவுக்குத் தெரியும். பையை வாங்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கினார். ஆறையும் தாமே தின்று, தோலைத் தொட்டியில் போட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு ஏறி வந்தார். அதற்குள் நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் மகளின் கட்டிலுக்கு ஓடினார்.

"எதுலட்டி வச்சு முழுங்குன?"

"தண்ணியிலயே எறங்குதுப்பா. நீங்கதான் கேட்கவே இல்ல."

அன்றைய பக்கத்தில் பேச்சிராஜா எழுதினார்: தண்ணீர், ஒரு வாய். மாத்திரைக்கு.

காலையில் உதட்டில் வீக்கமில்லை. தியேட்டர் கதவில் நர்ஸ், அவர் கேட்குமுன்பே, கையுறைப் பெட்டியை எடுத்து நீட்டினாள். ரப்பர் இல்லை என்று அதில் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலுக்கு வழிவிட்டார்.