கோபுரத்து அறையில் ஒரு தறி

ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொடுத்த மாணிக்கவேல், 1997இல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடி முடித்தார். மௌஸால் அழுத்திய இடத்துக்குக் கதாநாயகன் நடந்துபோவான். கிடைத்ததை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். சண்டை கிடையாது, யோசனைதான். கடைசியில் அவன் தங்கை ஒரு கோபுரத்தின் அடியில் சிறைப்பட, திரை இருண்டு விளையாட்டு முடிந்துவிட்டது. மாணிக்கவேலுக்கும் ஒரே தங்கை. அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று ஆறு ஆண்டுகள் சங்கடப்பட்டார்.

2003 தை மாதம் இரண்டாம் பாகம் கைக்கு வந்தது. கதாநாயகனைக் கோபுரத்து உச்சி அறைவரை கொண்டுபோய்விட்டார். தங்கையிடம் இறங்கக் கயிறு வேண்டும். அறையில் ஒரு தறி, அதில் பாதி நெய்த துணி, பக்கத்தில் கத்திரி. கத்திரியைத் திரைச்சீலையில் வைத்துப் பார்த்தார். பாயில், சன்னலில் படர்ந்த கொடியில், கதாநாயகனின் தலைமுடியில்கூட. எதுவும் அறுபடவில்லை. மாசியும் பங்குனியும் இப்படியே போயின.

சித்திரையில் புது டிசைன் சாஃப்ட்வேர் ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டர் சென்டர் ஏசுதாஸ் வந்தார். ஏற்றினால் பழையதெல்லாம் அழிந்துவிடும். அந்த விளையாட்டு அதன்பின் ஓடாது.

"அந்தப் பொண்ண வெளிய கொண்டாந்துட்டு அழிச்சிக்கலாம்பா," என்றார் மாணிக்கவேல்.

ஏசுதாஸ் திரையைப் பார்த்தார். "கத்திரிதான் கீதேண்ணா. தறில நீளவாக்குல இழுத்துக் கட்டிகீற பாவு நூல அறுங்க. கயிறு ஆச்சு."

"பாதி நெசவுல பாவ அறுக்கறதா?"

"அது பொம்மைத் தறிண்ணா."

"தறிதானே."

துணி முடியாமல் பாவில் கத்திரி வைப்பது, தலைமுறையாக நெசவு செய்த மாணிக்கவேல் வீட்டில் யாரும் செய்யாத காரியம். அவர் தாத்தா செத்த அன்றுகூடத் தறியைத் துணிபோட்டு மூடினார்களே தவிர, அறுக்கவில்லை.

காபி கொண்டுவந்த அவர் மனைவி ஹேமலதா கேட்டுக்கொண்டே நின்றாள். வந்தவாசிப் பக்கம், நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண்.

"இதுக்கா மூணு மாசமா பேஜார்? நவுருங்க."

"நீயும் இந்த வீட்டு மருமகதான்."

"அந்தப் பொண்ணு இருட்டுல உக்காந்துகினு கீது. நீங்க நூலுக்கு எரக்கம் பாத்துகினு கீறீங்க."

மௌஸை வாங்கி, கத்திரியை எடுத்துப் பாவின்மேல் அழுத்தினாள். மாணிக்கவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது கதாநாயகன் பாதி தூரம் இறங்கியிருந்தான். கதவு திறந்தது. தங்கை வந்தாள். இருவரும் படகில் ஏறிப் போனார்கள்.

"ஏத்திடலாமாண்ணா?"

"இரு."

மாணிக்கவேல் விளையாட்டில் மறுபடி அந்தக் கோபுரத்து அறைக்குப் போனார். தறியில் தொங்கிய இழைகளைப் பிணைக்க முடியுமா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். விளையாட்டைச் செய்தவர்கள் அதற்கு வழி வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணு போய்ட்டா இல்ல?" என்றாள் ஹேமலதா.

"போய்ட்டா," என்றார் மாணிக்கவேல். பிறகு ஏசுதாஸுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்து எழுந்தார்.