முந்திரி வாசனை வந்த கோப்பைகள்

தங்கை லதா காடாம்புலியூரில் டீக்கடை திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தபோது சிதம்பரம் போனேன். முப்பது பீங்கான் கோப்பை செய்து தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். கடலூரில் என் வீட்டு மாடியில் சின்ன மின்சூளை இருக்கிறது. ஆனால் இரண்டு முறை சுட்டும் கிளேஸ், அதாவது மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு, அங்கங்கே சுருண்டு ஒதுங்கி அடிமண் தெரிந்தது. பன்னிரண்டு கோப்பை வீண்.

லதாவின் கணவர் முந்திரி வியாபாரி. “பேசாம கண்ணாடி கிளாஸ் வாங்கிடலாம் மச்சான்” என்றார். லதா கண்ணாடி கிளாஸ் விலையை விசாரிக்கத் தொடங்கினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை 7.10க்கு கடலூரில் பஸ். சுமார் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். ஒருமுறை சுட்டு, இன்னும் பூச்சு ஏறாத பதினெட்டுக் கோப்பைகளும் அட்டைப் பெட்டியில் என் மடியில் இருந்தன.

“என்னா சார், முந்திரியா? வாசன தூக்குது” என்றார் கண்டக்டர்.

“கப்புங்க” என்றேன். அவர் நம்பவில்லை.

சிதம்பரத்திலிருந்து அண்ணாமலை நகருக்கு ஆட்டோ 120 ரூபாய். அங்கே ரெஜினா என்ற பீங்கான் கலைஞர் தன் வீட்டுக்குப் பின்னால் சூளை வைத்திருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவருடைய நீலத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஓர் ஊசித்துளை இல்லை, மயிரிழை விரிசல் இல்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

பூச்சின் கெட்டி, சூளையின் வெப்பம் என்று நான் எழுதிக்கொண்டு போயிருந்த நோட்டை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கோப்பையில் தண்ணீர் சொட்டுவிட்டார். ஒரு பக்கம் சட்டென்று உறிஞ்சியது. மறுபக்கம் சொட்டு அப்படியே உருண்டு ஓடியது. பிறகு முகர்ந்தார்.

“சார், முந்திரி வாசன வருது. எதுல வச்சிருந்தீங்க?”

பெட்டியைக் காட்டினேன். மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்த முந்திரிப் பெட்டி; வீணான பன்னிரண்டும் பூசுவதற்கு முன் அதில்தான் இருந்தன.

“சுட்ட மண்ணு எண்ணெயக் குடிச்சிடுச்சி. எண்ணெ இருக்கற எடத்துல கிளேஸ் எப்டி சார் ஒட்டும்? பூசாம இன்னொருக்கா சுடுங்க, எரிஞ்சிபோயிடும். அப்பறம் கையக் கழுவிட்டு, தூசு தொடச்சிட்டுப் பூசுங்க. நல்லா காயாம சூளைல ஏத்தாதீங்க.”

இரண்டு மாதமாக நான் சூளையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் மூக்கு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டது. இப்படி ஒருவரைப் பார்ப்பதற்கு அந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போகலாம்.

நீங்களும் போவதாக இருந்தால், கெட்டுப்போன கோப்பை ஒன்றையும் பூசாத கோப்பை ஒன்றையும் சேர்த்தே கொண்டுபோங்கள். துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தொடாதீர்கள். சந்தேகம் வந்தால் முதலில் தண்ணீர் சொட்டுவிட்டுப் பாருங்கள்.

ரெஜினா சொன்னபடியே செய்ததில் பதினெட்டும் பழுதில்லாமல் வந்தன. கடை திறந்த அன்று மாப்பிள்ளைதான் முதல் டீ குடித்தார். பெட்டி விஷயத்தை லதாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சூப்பரா இருக்கு மச்சான். பாக்கி பன்னண்டும் செஞ்சிடுங்க. பெட்டி எவ்ளோ வேணும்னாலும் நான் தரேன்.”

“எங்கண்ணனுக்குப் பெட்டி மட்டும் வேணாம்” என்றாள் லதா, சிரிப்பில் டீயைக் கொட்டிக்கொண்டே.