டேப்பில் ஏறாத பேச்சு

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டி, டேப் ரிக்கார்டர் போன்ற பெட்டி ஒன்றைத் தோளில் மாட்டினார். "நாளைக்கு வரைக்கும் எல்லாம் இதுல பதிவாகும். வழக்கம்போல இருங்க" என்று எங்களை எங்கள் ஊரான எலப்புள்ளிக்கு அனுப்பினார்.

டேப் என்றால் பேச்சும் பதிவாகும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். வழக்கம்போல இருந்தால் மானம் போய்விடுமே! பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டைக்கூட அதட்டவில்லை.

பொழுது சாயும்போது அடுக்களைக்கு வந்து நின்று, "சாப்புட்டீங்களா?" என்றார். யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து 'ஏ புள்ள' மட்டுமே கேட்டிருந்த எனக்குச் சிரிப்போடு கோபமும் வந்தது. டாக்டருக்குப் பயந்தால்தான் எனக்கு மரியாதையா? விடுவேனா!

பெட்டிக்கு நன்றாகக் கேட்கும்படி, "இன்னும் இல்லீங்க. நீங்களும் வாங்க, ஒண்ணா உக்காந்து சாப்புடலாங்க" என்றேன்.

மறுக்க முடியாமல் முதல்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நடுவில் தன் தட்டிலிருந்த முட்டையில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தார். அதற்குச் சத்தம் எதுவும் இல்லை. டாக்டருக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் டாக்டர் சிரித்தார். "பேச்செல்லாம் இதுல ஏறாதுங்க, நெஞ்சுத் துடிப்பு மட்டுந்தான். ஆனா நேத்துப் பொழுது சாயற நேரத்துல துடிப்பு ரொம்பக் கூடியிருக்கே, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வரப்புல ஓடுனனுங்க" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.