விளக்கு எரியும் ஐந்து இடங்கள்

பத்தொன்பது வருடங்களாக ஒரு நாடகத்தைக் கற்பித்து வருகிறேன். அதில் முதல் பதினொரு வருடங்கள், அந்த நாடகத்தை நான் வாசித்திருக்கவே இல்லை!

சிரிக்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் என் உயர்தர டியூஷன் வகுப்பில் முன்வரிசை பிடிக்க விடியவே வந்து நின்ற பிள்ளைகள் உண்டு.

வாசிக்காமல் கற்பிக்க எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எனக்குக் கற்பித்தவரின் குறிப்புகள் என்னிடம் இருந்தன. கதைச்சுருக்கம், பாத்திரங்கள், கருப்பொருள்கள், திரும்பத் திரும்ப வரும் குறியீடுகள்... அதைத் தட்டச்சுச் செய்து, பக்கத்துக்குப் பக்கம் என் பெயரைப் போட்டு, ‘டியூட்’ என்று கொடுத்தேன். “விளக்கு நம்பிக்கையின் குறியீடு, அடிக்கோடிடுங்கோ” என்பேன். நாற்பது பேனைகள் ஒன்றாகக் கோடு கீறும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

பஸ்லியா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். நூலகத்திலிருந்து நாடகத்தையே எடுத்து வாசித்திருந்தாள். ஒருநாள் எழுந்து நின்றாள்.

“சேர், விளக்கு நம்பிக்கை இல்ல போல. அஞ்சு இடத்துல விளக்கேத்துறாங்க. அஞ்சுலயும் யாரோ பொய் சொல்றாங்க. கடைசில ராணி உண்மைய சொல்லப்போற நேரம், அவவே விளக்க ஊதி அணைக்கிறா.”

கடைசியில் விளக்கு அணைகிறதா? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

“ஓ, புரொபெசர் வந்திட்டா! பிள்ளைகள், டியூட்டைக் கிழிச்சுப் போடுங்கோ. இனி பஸ்லியா மேடம் எழுதித் தருவா” என்றேன்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதோடாவது விட்டேனா...

“சோதனையில இப்பிடி எழுதினா முட்டைதான். உமக்கு இந்தப் பாடம் சரிவராது.”

அவள் உட்கார்ந்தாள். புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். அடுத்த கிழமை வரவில்லை. பாடத்தையே மாற்றிவிட்டாள் என்று அவளுடைய தோழி சொன்னாள். “கெம்பஸ்ல நாடகம் படிக்கத்தான் அவக்கு ஆசை, சேர். இப்ப வேண்டாமாம்.”

அதற்குப் பிறகுதான் நான் அந்த நாடகத்தை வாங்கி வாசித்தேன். ஐந்து இடங்கள். ஐந்திலும் பொய். பஸ்லியா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி!

தேடிப் போனேனா? தோழியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேனா? இல்லை. அடுத்த வருட டியூட்டில் பழைய வரியை அழித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினேன். மேலே என் பெயர். அந்தப் பக்கத்தால் பிள்ளைகள் எனக்கு ‘விளக்குச் சேர்’ என்று பட்டமே வைத்தார்கள். வெட்கம் கெட்டவன், அதைக் கேட்டு மகிழ்ந்தேன்.

இந்த வருடம் ரிஸ்னா என்றொரு மாணவி வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி, ஆனால் வாயே திறப்பதில்லை. போன கிழமை வகுப்பு முடிந்ததும் காரணம் கேட்டேன்.

“ராத்தா சொல்லித் தந்தா, சேர். இந்தக் கிளாஸ்ல சொந்தமா ஒண்டும் சொல்லாத, குடுக்கிறத மட்டும் பாடமாக்கு எண்டு.”

“ராத்தாவோ? உம்மட அக்கா ஆர்?”

“பஸ்லியா. முந்தி உங்கட்டத்தான் படிச்சா.”

மேசையில் கிடந்த டியூட்டைக் கையில் எடுத்தேன்.

“அவ... இந்த டியூட்டைப் பாத்தவாவோ?”

“ஓம் சேர். விளக்குப் பக்கத்த ரெண்டு தரம் வாசிச்சா. பொறகு, ‘இது சரியான பதில்தான், இப்பிடியே எழுது, மார்க்ஸ் கிடைக்கும்’ எண்டா.”

வேறொன்றும் சொல்லவில்லையாம்! தங்கையிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அது உன் ராத்தாவின் பதில், பிள்ளை... தொண்டை வரை வந்தது. ரிஸ்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “கவனமாப் படியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்று புதிய டியூட் அச்சாகி வந்தது. விளக்குப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மேலே என் பெயர்தான் இருக்கிறது.