கஸ்தூரி வீட்டுப் பச்சை பெயின்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாக யோசித்துவிட்டேன். ஒவ்வொரு கிருத்திகைக்கும் குன்றத்தூர் மலைப்படி ஏறும்போது, 'முருகா, இந்த வாரம் எழுதிவிடுகிறேன்' என்பேன். இறங்கி வந்ததும் ரசப்பொடி பற்றி எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். எட்டாவது வரை படித்த எனக்கு எழுத வந்ததே அவன் அருள்... அவனிடமே சாக்கு!

போன ஞாயிறு எங்கள் இரும்புலியூர் தெரு சங்கக் கூட்டம். இந்த வருட வேன் டூர் பற்றிப் பேச்சு வந்தது. செயலாளர் ராமநாதன் சார் என்னைப் பார்த்து, "இந்தத் தடவை சொன்னா கேக்கற ஆளா பாருங்கம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். நான்கு வருடம் முன்பு, இதே மாதிரி ஒரு டூரில், கோவளம் பக்கம் கடலோர வீடுகளைப் பார்க்கப் போனோம். ஒரு பழைய பங்களா, ஒரு புதிய கண்ணாடி வீடு, மீனவர் குப்பத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. மூன்றாவது என் யோசனை. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கஸ்தூரியின் வீடு. நாட்டு ஓடு, மரத்தூண் என்று அவள் சொல்லியிருந்தாள். சாருக்கு ஒரே சந்தோஷம். "எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எதையும் மாத்த வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

நீங்களே சொல்லுங்கள்... விருந்தாளி வரும்போது வீட்டை அப்படியே போட்டு வை என்று ஒரு குடும்பப் பெண்ணிடம் இன்னொரு குடும்பப் பெண் சொல்ல முடியுமா? எனக்கு வாய் வரவில்லை. "இருபது பேர் வராங்க கஸ்தூரி, வீட்டை நல்லா வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான்!

டூர் நாள் வந்தது. பங்களாவில் நாற்காலிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணாடி வீட்டில் வாசலிலேயே காலுக்குத் துணி உறை. பாத்ரூமிலிருந்தும் கடல் தெரிந்தது. சமையலறையில் கடுகு வெடித்த அடையாளமே இல்லை. பூஜை அறை எங்கே என்று கேட்டேன். அந்த வீட்டுக்காரர் ஒரு டிராயரை இழுத்தார் – உள்ளே லைட்டோடு பிள்ளையார்! நான் கும்பிட்டு முடிப்பதற்குள் டிராயர் தானாகவே மூடிக்கொண்டது.

அடுத்து குப்பம். வேனிலிருந்து இறங்கியதும் கண் கூசியது.

சுவரெல்லாம் கிளிப்பச்சை. தூணெல்லாம் தங்கக் கலர். தரையில் மார்பிள் டிசைன் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. பட்டப்பகலில் சீரியல் லைட். பட்டுப்புடவை கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் கஸ்தூரி. அவளுக்குப் பின்னால் குப்பமே நின்றது.

சாருக்கு முகம் தொங்கிவிட்டது. என் காதருகே வந்து, "டைம் ஆச்சுன்னு வேன்ல ஏறச் சொல்லிடலாமா?" என்றார்.

ஏறிவிட்டால்? நாளைக்கு அவள் அந்தத் தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? முருகா என்று வலது காலை எடுத்து வைத்து நான் உள்ளே போய்விட்டேன். மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"உக்காருங்க" என்றாள் கஸ்தூரி.

காலையிலிருந்து யாருமே எங்களிடம் சொல்லாத வார்த்தை! அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தோம். சுக்குக் காபி, சுண்டல். அன்று எனக்குக் கிருத்திகை விரதம் என்பதற்காக, மீனை வைத்தே பிழைக்கும் அந்த வீட்டில் மீனே இல்லை.

கடைசியாக உட்கார்ந்த சார், தற்செயலாக மேலே பார்த்தார். கூரைக்குப் பெயின்ட் ஏறவில்லை. உத்தரமெல்லாம் பழைய படகுக் கட்டை; கயிறு கட்டிய ஓட்டைகள்கூட அப்படியே இருந்தன. சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குறை கண்டுபிடித்துவிட்டார் என்று கஸ்தூரி பதறிப்போனாள்.

"ஏணி எட்டல சார். பொங்கலுக்குள்ள அதுக்கும் அடிச்சிடறேன்."

"ஐயோ, வேணாம்மா! எதையும் மாத்த வேணாம்னு சொல்லி அனுப்பினேனே... இவங்க சொல்லலையா?"

நான் காபி டம்ளருக்குள் குனிந்துகொண்டேன். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான்.

"அக்கா சொல்லிச்சி சார். நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டு அவருக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

அதன் பிறகு பாட்டு, கேலி, பிள்ளைகளோடு கடற்கரையில் ஓட்டம்... கிளம்பவே மனசில்லை. மூன்று வீட்டிலும் போட்டோ எடுத்தோம். எல்லோருக்கும் பல் தெரிவது அந்தப் பச்சைச் சுவருக்கு முன்னால் மட்டும்தான். ஆனால் 'சொன்ன பேச்சு கேக்காத அம்மா' என்று கஸ்தூரிக்குப் பெயர் ஆகிவிட்டது. வாயைத் திறக்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, 'எழுதப் போகிறேன்' என்று அவளிடம் சொன்னேன். செதில் சீவிக்கொண்டே சிரித்தாள். "இன்னும் அதையா நெனச்சிகினு கீற? எழுதிக்கோக்கா. ஆனா பெயின்ட் நல்லா இருந்திச்சின்னும் எழுது."

நல்லாத்தான் இருந்தது. சத்தியமாக.

ராமநாதன் சார், தப்பு என்னுடையது. கஸ்தூரி சொன்னதைக் கேட்டாள். நான்தான் நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. வாசகர்களே, இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் என் மேல் இரக்கப்பட்டு எதையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.

ஒரு வார்த்தை மாறினால் ஒரு வீடே பச்சையாகிவிடும்!