றொஜர் அண்ணையின் பேஸ் ட்ரம்

எங்கள் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவர் றொஜர் அண்ணை. மன்னார்ப் பக்கத்து ஆள். பாரிஸின் லா சப்பலில் மீன்கடையில் வேலை. நாள் முழுக்க ஐஸுக்கு முன்னால் நிற்கிற தனக்கு, இருக்கக் கிடைப்பது ட்ரம்ஸுக்குப் பின்னால் மட்டும்தான் என்று சொல்லிச் சிரிப்பார். நான் பேஸ் கிட்டார். என் விரலும் அவருடைய வலது காலும் ஒன்றாக விழவேண்டும். அதனால் அவரிடம் இருந்த அந்தப் பிழை முதலில் எனக்குத்தான் தெரிந்தது.

வேகமான பாட்டு என்றால் ஒன்றும் தெரியாது, மண்டபமே ஆடும். மெதுவான பாட்டில்தான் சிக்கல். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் ட்ரம் தனியாக ஒருமுறை விழும். அடுத்தது ஸ்னேர் என்கிற சின்ன ட்ரம்மில் குச்சி விழவேண்டும். விழாது. கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் அந்த இடத்தில் மொத்தக் குழுவும் இருட்டில் படியைத் தேடும் கால் மாதிரித் தொங்கும். சென் தெனியில் ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே நடந்துவரும் பாட்டிலேயே அப்படி நடந்து, பாடிக்கொண்டிருந்த தர்மிளா அக்கா வரியைத் தவறவிட்டுவிட்டார்.

குழுவை நடத்தும் ஐங்கரன் அண்ணை எல்லாருக்கும் முன்னால் பகிடி விட்டார்.

"றொஜர், உம்மடை கால் எப்பவோ பிரான்ஸுக்கு வந்திட்டுது. கை இன்னும் விசாவுக்கு நிக்குது போல."

எல்லாரும் சிரித்தோம், றொஜர் அண்ணையும்தான். பிறகு ஐங்கரன் அண்ணை அவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, அடுத்து பியர்ஃபித்தில் வரும் கலியாணத்திலும் இப்படியென்றால் இனி ட்ரம்ஸை லப்டொப்பில் போட்டுவிடுவோம் என்றார். வயர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. றொஜர் அண்ணையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

பழைய பேஸ் ட்ரம்மின் மரம் வெடித்திருந்தது. பிழை அதில்தான் என்று நம்ப அவருக்கு ஆசை. லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு புதிது எடுக்கக் கடைக்குப் போனார்.

கடையில் வேலை செய்யும் ஆரெலி என்ற பெண் இருபத்திரண்டு அங்குல ட்ரம் ஒன்றைக் காட்டினாள். முன்தோலில் ஓட்டை, உள்ளே குஷன். இப்போது எல்லாரும் கேட்பது இந்தக் காய்ந்த சத்தத்தைத்தான், வந்த உடனே செத்துவிடும் என்று பிரெஞ்சில் விளக்கினாள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

றொஜர் அண்ணை பெடலை மிதித்தார்.

தப்.

தூரத்தில் யாரோ பெரிய கதவொன்றைச் சாத்தியது போல. அவ்வளவுதான். அவருடைய கை எழவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. ஆரெலி என்னைப் பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நடைபாதையில் நின்றவரிடம் சுகமில்லையா என்று கேட்டேன். அவர் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, ஷெல்லுக்கு ரெண்டு சத்தம். தெரியுமே?"

நான் இங்கே பிறந்தவன். தெரியாது என்றேன்.

"முதல் தூரத்திலை குத்துற சத்தம். தப் எண்டு. அவங்கள் அங்கையிருந்து அடிக்கிறது. பிறகு இஞ்சை விழுற சத்தம். ரெண்டுக்கும் இடையிலை பங்கருக்குள்ளை குதிச்சிட வேணும்."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னிக் கடற்கரையில் அவரும் அவருடைய தம்பி பிரின்ஸ்டனும் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். குத்துகிற சத்தம் கேட்டிருக்கிறது. இவர் குதித்துவிட்டார். தண்ணீர் சிந்திவிடும் என்று பிரின்ஸ்டன் கானின் மூடியைப் பூட்டக் குனிந்திருக்கிறான்.

"விழுந்த சத்தம் எனக்குக் கேக்கேல்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டதாம். நான் கண் முழிக்கேக்கை அவன் இல்லை. இப்பவும் அந்தத் தப்பைக் கேட்டால் மற்றதை இன்னும் காணேல்லையெண்டு காது நிக்குது. கை என்ன செய்யும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு முறை அவர் பிந்தியபோதும், கூர்னெவ்வில் நாங்கள் பாட்டுப் பழகும் இடத்தில், சத்தம் துப்புரவாக இல்லாததால்தான் பிந்துகிறார் என்று சொல்லி பழைய ட்ரம்முக்குள் இன்னொரு துவாயைத் திணித்தது நாங்கள்தான். அந்தத் தூரத்துச் சத்தத்தை இன்னும் அச்சொட்டாகச் செய்து அவருடைய காலடியில் வைத்திருக்கிறோம்.

சத்தம் சாகாமல் இருந்தால் என்ன அண்ணை என்று கேட்டேன். அவர் யோசித்தார். திரும்ப உள்ளே போனோம்.

இருபத்திநாலு அங்குலம். ஓட்டையில்லாத முன்தோல். உள்ளே ஒன்றுமே வேண்டாம் என்றோம். மண்டபத்தில் இது கர்ஜிக்கும் என்று ஆரெலி எச்சரித்தாள். றொஜர் அண்ணை ட்ரம்மின் தோலை இறுக்கும் சாவியை வாங்கி, எதிரெதிர்த் திருகாணிகளாகப் பார்த்து முறுக்கினார். அடிக்கிற பக்கத்துத் தோலைச் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும். முன்தோலைக் கொஞ்சம் இறுக்கமாக. தட்டிப் பார்த்தார், காதை வைத்தார், திரும்பவும் முறுக்கினார். பிறகு மிதித்தார்.

டூம்ம்ம்ம். சுவரில் தொங்கிய கிட்டார்களின் கம்பிகள்கூட முனகின. அந்த முழக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய குச்சி ஸ்னேரில் விழுந்தது. சரியான இடத்தில். இன்னொருமுறை. திரும்பவும் சரி.

"மற்றச் சத்தத்துக்குக் காத்து நிக்க இதுக்குள்ளை இடமில்லை," என்றார்.

பியர்ஃபித் கலியாணத்தன்று அதைக் கேட்ட ஐங்கரன் அண்ணை, என்ன, தேர் இழுக்கப் போகிறோமா என்று கேட்டுக்கொண்டு, உள்ளே அடைக்க ஒரு போர்வையோடு வந்துவிட்டார். ஒரு பாட்டு மட்டும் கேளுங்கோ அண்ணை என்று கெஞ்சினேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. றொஜர் அண்ணையும் சொல்லவில்லை.

மணமக்கள் நடந்து வந்தார்கள். பேஸ் ட்ரம் முழங்கியது, ஸ்னேர் அதன் இடத்தில் விழுந்தது, தர்மிளா அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாட்டின் நடுவில் ஐங்கரன் அண்ணை திரும்பி றொஜர் அண்ணையைப் பார்த்துத் தலையாட்டினார். போர்வையைக் கதிரையில் போட்டுவிட்டார். லப்டொப் கதை அதோடு முடிந்தது.

ஆனால் அந்தப் பாட்டு பேஸ் ட்ரம்மின் ஒரேயொரு தனி அடியோடு முடியும். அடி விழுந்தது. முழக்கம் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, இல்லாமல் போனது. மணமக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த சனம் எல்லார் கையிலும் போன். கை தட்ட ஆளில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. கண் எங்கள் ஒருவர்மேலும் இல்லை.

என் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியை மெதுவாகத் தட்டினேன். அது அடங்குவதற்குள் இன்னொருமுறை. ஐங்கரன் அண்ணை என்ன என்று கண்ணால் கேட்டார். நான் நிறுத்தவில்லை. றொஜர் அண்ணையின் தோள் மெல்ல இறங்கி, அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தூக்கிய பிறகும், விரலை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.