அக்காள் வண்டியை நிறுத்தச் சொன்ன நாள்

1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் தேதி, புதன்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். கிணற்றில் இறைத்துக் குளித்தேன். ஆறு மணிக்குக் காப்பி. ஆறரைக்கு, முந்தின நாள் தாலுகா ஆபீசிலிருந்து கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரித்துத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்காள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம்பழச் சோறு கிளறிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணி பஸ்ஸில் ஆள் வந்து, எங்கள் அத்தை விடியற்காலம் தவறிவிட்டதாகச் செய்தி சொன்னார்.

அன்றைய நாட்குறிப்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அக்காளின் இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகவும், தெரியாததைச் சற்று விரிவாகவும் சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன்.

அக்காள் 1914இல் குளத்தூருக்கு மேற்கே எங்கள் பூர்வீக ஊரில் பிறந்தார்கள். எனக்கு நான்கு வயது மூத்தவர்கள். இருபத்தாறு வயதில் அத்தானை இழந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மூலையில் உட்காரச் சொன்னவர்களிடம் ஒன்றும் பேசாமல் திருச்சிக்குப் போய் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வந்தார்கள். கீரனூரில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது, புது சர்க்காரில் நம் வேலை நிற்குமா என்று நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அக்காளோ, "எந்த சர்க்காரா இருந்தா என்னடா, அ, ஆ மாறிறப் போகுதா?" என்றார்கள். நான் பயப்படுகிறவன். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அக்காளுக்குப் பயமே கிடையாது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அத்தையின் ஊர் புதுக்கோட்டைக்குத் தெற்கே ஐந்து மைல். அப்பா இல்லாததால் பிறந்த வீட்டுக் கோடி எங்கள் கையால்தான் போக வேண்டும். அது போகாமல் அத்தையை எடுக்க மாட்டார்கள். கடை திறந்ததும் கோடிப் புடவை ஒன்றும் ரோஜா மாலை ஒன்றும் வாங்கி, சுப்பையாவின் வாடகைக் காரில் கீரனூரிலிருந்து ஒன்பதே காலுக்குப் புறப்பட்டோம். நான் முன்னால். அக்காளும் மாலையும் பின்னால்.

நார்த்தாமலை விலக்கைத் தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். எதிரே ஒரு லாரி சாலையின் இரண்டு ஓரத்துக்கும் ஆடிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் சைக்கிளில் ஒருவர். லாரி அவரை இடித்ததை நாங்கள் மூவரும் பார்த்தோம். அது நிற்காமல் எங்களைக் கடந்து போய்விட்டது. அவர் புளியமரத்தடியில் கிடந்தார். மூட்டை அவிழ்ந்து விதைக்கடலை சாலையெங்கும் சிதறியிருந்தது.

"நிறுத்து சுப்பையா" என்றார்கள் அக்காள்.

நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். "வேண்டாம்க்கா. போலீஸ், கோர்ட்டுன்னு இழுப்பாங்க. அங்க நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அங்க இருக்கவ காத்திருப்பா. இவரு காத்திருப்பாரா?"

இறங்கினோம். நாற்பது வயது இருக்கும். தலையிலும் தொடையிலும் ரத்தம் நிற்காமல் வந்தது. அக்காள் கோடிப் புடவையை எடுத்து ஒரு முழம் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினார்கள். இன்னொரு கிழிசலால் தலையைச் சுற்றினார்கள். அவர் உடம்பு நடுங்கியது. மீதிப் புடவையைப் போர்த்தினார்கள். அவரைப் பின்னால் கிடத்த இடம் வேண்டும் என்று மாலையை வெளியே எடுத்தேன். சாவு வீட்டு மாலையைத் தரையில் வைக்கக் கூடாதே என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "வந்து பிடிடா" என்று அக்காள் அதட்டவும், வேறு இடம் தோன்றாமல் அவர் மார்பின் மேலேயே வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் காட்டு வேலையில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டிகளோடு ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது ஒரு கார், ரத்தம், கோடி போர்த்தி மாலை சாத்திய உடல்.

"அடப் பாவிகளா! அண்ணனை அடிச்சுக் கொன்னுட்டு மாலையும் போட்டுட்டீங்களாடா!" ஓர் இளைஞர் சுப்பையாவின் சட்டையைப் பிடித்தார். அடிபட்டவரின் தம்பி அவர்.

"நான் இல்லைங்க! லாரிங்க! சத்தியமா லாரிங்க!"

"லாரியா? எங்கிட்டு இருக்கு லாரி? காட்டு பாப்போம்!"

சாலையில் எங்கள் காரைத் தவிர எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் சார், கோடியும் மாலையுமா வீட்டுலேருந்தே தயாராக் கெளம்பி வந்தீங்களாக்கும்?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு மண்வெட்டியைவிடப் பயமாக இருந்தது.

அக்காள் மாலையை எடுத்து மரத்தடியில் எறிந்தார்கள். வகுப்பில் கூப்பிடுகிற குரலில், "கத்துனது போதும், இங்கிட்டு வா. கையைக் குடு. மூக்குல வையி. மூச்சு வருதா, இல்லையா?" என்றார்கள்.

அந்தத் தம்பி குனிந்து அண்ணன் மூக்கருகே விரலை வைத்தார்.

"வருது" என்றார். பிறகு அழுதுகொண்டே, "வருது ஆத்தா."

"வருதுல்ல? ஏறு. காலைப் பிடிச்சுக்க."

அவர் ஏறினார். இன்னொருவர் மண்வெட்டியோடு படியில் தொற்றிக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சுப்பையாவிடம், "எங்காளு செத்தா நீ ஊரு திரும்ப மாட்டே" என்றார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. நேரம் சொல்வது போலச் சொன்னார்.

புதுக்கோட்டை வரும்வரை நான் திரும்பித் திரும்பி அடிபட்டவரின் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு முறை மூச்சு நின்றுவிட்டதென்றே நினைத்தேன். "தம்பி, நீ ரோட்டைப் பாரு" என்றார்கள் அக்காள். சுப்பையாவின் பிடரியில் வேர்வை வழிந்தது. அவனுக்கு அப்போது மூன்று குழந்தைகள்.

பத்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரி. அக்காள் ஸ்டிரெச்சரோடு உள்ளே போனார்கள். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, "கொண்டாந்தது யாரு? பேரு, ஊரு?" என்று கேட்டார். நானும் குமாஸ்தா ஜாதிதான். பதிவேட்டில் ஏறிய பெயர் எத்தனை வருஷம் ஒருவனைத் துரத்தும் என்று எனக்குத் தெரியும். சம்மன், சாட்சிக் கூண்டு, வாய்தா, மேலதிகாரிக்கு விளக்கம் எல்லாம் ஒரு கணத்தில் கண்முன் வந்தன. "ராமசாமி, திருச்சி" என்றேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. "விபத்தைப் பாத்தீங்களா?" என்றார். "இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார்.

அடிபட்டவர் கண் விழித்து வாக்குமூலம் கொடுக்கும்வரை சுப்பையாவும் காரும் ஸ்டேஷனில் இருக்கட்டும் என்று போலீசார் அழைத்துப் போனார்கள். போகும்போது சுப்பையா என்னைப் பார்த்து, "நீங்க பாத்தீங்கள்ல சார்" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

கடைத்தெருவில் வேறு கோடியும் மாலையும் வாங்கி, ஜட்காவில் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றேகால். "பொறந்த வீட்டுக்காரங்களுக்கு இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. அக்காள் ரவிக்கையில் ரத்தம் காய்ந்திருந்ததைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. இரண்டு மணிக்கு அத்தையை எடுத்தார்கள்.

சாயங்காலம் ஆண்கள் தலை முழுகிவிட்டுத் திரும்பினோம். அக்காள் வாசலில் நின்றிருந்தார்கள். "நாம பாத்ததைச் சுப்பையாவுக்காக எழுதிக் குடுத்துட்டேல்ல?" என்றார்கள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

"அந்தாளு கண்ணு முழிக்கலைன்னா, சுப்பையாவுக்கு யாருடா இருக்கா?"

அவ்வளவுதான் கேட்டார்கள். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு அக்காள் நெஞ்சுவலியால் படுத்த பத்தொன்பது நாட்களும் முறை வைத்து உடனிருந்த பள்ளி ஆசிரியைகளுக்கும், வேளை தவறாமல் வந்து பார்த்த டாக்டருக்கும், கடைசிவரை காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த சுப்பையாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறுதி நாளில் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, பாடைக்கு ஒரு தோள் கொடுத்தவர் யார், எந்த வகையில் உறவு என்று பலரும் என்னைக் கேட்டீர்கள். அவர் பெயர் செல்லையா. நார்த்தாமலைப் பக்கம். உறவு என்ன என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

மறுநாள், 20ஆம் தேதி, வியாழக்கிழமை. முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்தோம். சில்லறையை எண்ணிக் கொடுக்கும்போது அவர்கள் விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர்களும் பார்த்துவிட்டு, "எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு" என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வார்டு இடது பக்கம், அலுவலக அறை வலது பக்கம். அடிபட்டவர் இருக்கிறாரா, இல்லையா என்று எனக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது. இடது பக்கம் திரும்பினேன். அக்காள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"மொதல்ல இங்கிட்டு வா. அவரு இருக்காரா இல்லையான்னு பாத்துட்டுப் பேரைச் சொன்னா, அதுவும் பயந்து சொன்னதுதான்."

குமாஸ்தா அப்போதுதான் அறையைத் திறந்தார். அக்காள் சொல்லச் சொல்ல, ராமசாமி என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, அதன் மேல் என் பெயர், என் தகப்பனார் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாவற்றையும் எழுதினார். "விபத்தைப் பார்த்தவர்கள்" என்ற இடத்தில் எங்கள் இருவர் பெயரும் ஏறின. நான் கையெழுத்திட்டேன். தேதி போட்டேன். மணி ஆறு ஐம்பது. எனக்குக் கீழே அக்காள் கையெழுத்திட்டு, மை காயும்வரை நின்று பார்த்துவிட்டு, வார்டுக்கு நடந்தார்கள்.